கூடு ஒன்றுக்கு ஏழு டாலர்

ஷிஃபெனில் அவர்களுக்கு நாற்பது நிமிடம்.
தைப்பேயிலிருந்து வேன் வந்து நிற்கும்.
வழிகாட்டிப் பெண் கொடியைத் தூக்கிக் கடிகாரத்தைத் தட்டுவாள்:
அருவிக்கு இருபது,
தொங்குபாலத்துக்கு ஐந்து,
மிச்சமெல்லாம் விளக்குக்கு.

கடைகளுக்கு நடுவே தண்டவாளம் ஓடுகிறது.
அதன்மேல் நின்றுதான் பறக்கவிட வேண்டும்.
விளக்குக்கு நான்கு முகம், நான்கு நிறம்.
சிவப்பு உடம்புக்கு, மஞ்சள் பணத்துக்கு,
நீலம் வேலைக்கு. இளஞ்சிவப்பு எதற்கென்று
நீங்களே சொல்லுங்கள்.

தூரிகை பிடிக்கத் தெரியாதவர்களுக்கு
என் மனைவி எழுதிக்கொடுப்பாள்.
'சீன எழுத்தென்றால் படத்தில் அழகாக விழும்'
என்று கைபேசியில் மொழிபெயர்த்து நீட்டுவார்கள்.
பீ-யுன் மையில் தோய்த்து எழுதுவாள்,
மணிலாக்காரனின் கடனை,
ஓசாகாப் பெண்ணின் பிள்ளைப்பேற்றை,
பூசானிலிருந்து வந்த இரட்டையரின் தேர்வை.
பத்து வருடமாக
உலகத்து ஆசையெல்லாம் ஒரே கையெழுத்தில்.

கடைப் பையன் விளக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டுவான்,
முகத்துக்கொரு படம்.
மூன்று மொழியில் 'சிரியுங்கள்' தெரியும் அவனுக்கு,
நான்காவதில் 'கையை விடுங்கள்' மட்டும்.
விட்டதும் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.
சிலர் அழுவார்கள்.
மழைக்கோட்டுக்குள் நின்று அழுவது
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
பிறகு விசில். ரயில்.
கடைவாசல்களில் வயிற்றை எக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள்.

ஆறு நிமிடம் எரியும்.
அதற்கப்புறம்தான் என் வேலை.

கடைசி ரயிலும் போனதும்
நெற்றியில் டார்ச், முதுகில் சாக்கு,
முனையில் கொக்கி வைத்த மூங்கில்.
மலைக்குப் பின்புறம் ஏறுகிறேன்.
புதரில் கிடக்கும், மின்கம்பியில் தொங்கும்,
லியாவ் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் இருக்கும்,
ஒருமுறை கல்லறை ஒன்றின் தலையில் தொப்பி மாதிரி.
கூடு ஒன்றுக்குக் கடைக்காரர் ஏழு டாலர் தருவார்.
மழையில் காகிதம் கூழாகிப்போய்க்
கம்பி வளையம் மட்டும் மிஞ்சினாலும் அதே ஏழுதான்.
இங்கே மழை இல்லாத நாள்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.

படிப்பதில்லை என்று வைத்திருந்தேன்.
படித்தால் நடை தாமதமாகிறது.
ஆனாலும் ஈரத்தாள் கையில் ஒட்டிக்கொண்டு
'அப்பா சீக்கிரம்' என்று பாதியில் நின்றால்
மீதியைத் தேடாமல் எப்படி இறங்குவது?

போன செவ்வாய், ஓடைக்கு மேலே,
பாறை இடுக்கில் மழை படாமல்
ஒன்று கிட்டத்தட்ட முழுதாகக் கிடந்தது.
மூன்று முகத்தில் எதுவும் எழுதவில்லை.
இளஞ்சிவப்பில் இரண்டு வரி:
இந்த ஊரை விட்டுப் போக வேண்டும்.
தனியாக.

பீ-யுனின் கை.
கடைசிக் கோட்டை அவள் மட்டும்தான் அப்படிப்
பூனை வால் மாதிரி மேலே சுழித்து நிறுத்துவாள்.

இந்த ஊர் என்றால் எந்த ஊர்?
நகோயாவாக இருக்கலாம். செபு. தாய்ச்சுங்.
யாரோ ஒருத்தி கைபேசியை நீட்டியிருக்கலாம்,
மற்ற மூன்று முகத்துக்கும் ஆசை இல்லாத ஒருத்தி,
இவள் தலையாட்டி எழுதியிருக்கலாம்.
இருக்கலாம்.

வீட்டில் அவள் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு
நகத்திலிருந்து மையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
'இன்றைக்கு எத்தனை?'
நாற்பத்து மூன்று, என்றேன்.
'எங்கிருந்தெல்லாம் வந்தார்கள்?' என்று கேட்டேன்,
பத்து வருடத்தில் முதல்முறையாக.
நிமிர்ந்து பார்த்தாள்.
'யாருக்கு ஞாபகம்' என்றாள்.

நாற்பத்து நான்காவது கொல்லையில் இருக்கிறது,
வாளிக்கடியில்.
எண்ணெய்த்தாள் பாதிதான் எரிந்திருக்கிறது,
இன்னும் மூன்று நிமிடம் பறக்கும்.
லைட்டரில் வாயு இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருக்கிறது.
மழைதான் விடவில்லை.