ஐந்து ரூபாய்க் குற்றியளவு

டொக்டர் வெத்தசிங்ஹ நீல மார்க்கரால்
என் தோளில் ஒரு வரைபடம் கீறினார்.
எலும்பின் விளிம்பு, துளைகளுக்கு மூன்று புள்ளிகள்,
அவற்றுக்குக் கீழே ஒரு விட்டுவிட்ட கோடு.
"இந்தக் கோட்டை நான் தாண்டமாட்டேன்" என்றார்,
பாடமாக்கி வந்த தமிழில்.
கமெரா உள்ளே போகும், மூட்டு முழுக்கத் தெரியும்.
நரம்பு தெரியாது.
அது சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது.

வெசாக் லீவில், வெள்ளவத்தை ஃபிளாட்டில்,
படம் மாட்டப் பிரேமகாந்தன் சுவரைத் துளைத்தார்.
துளை வலு சுத்தம்.
பக்கத்து வீட்டு மிஸிஸ் ஜெய்னுலாப்தீனின்
ஃபிரிட்ஜ் நின்றுபோனது.

ஒப்புதல் படிவம் மூன்று மொழியிலும் இருந்தது.
நரம்புச் சேதம், அரிதாக.
சேலைன் ஏற்றுவதும் நரம்பில்தான்,
கோபத்தில் நெற்றியில் புடைப்பதும் நரம்புதான்,
இது எந்த நரம்பு என்று கேட்டேன்.
தாதி தன் ஃபோன் சார்ஜரின் வயரைத் தூக்கிக் காட்டினாள்.
அரிதாக என்றால்?
நூற்றில் ஒன்று மிஸ், அதைவிடவும் குறைய.

நான் பதினொராம் தரத்துக்கு நிகழ்தகவு படிப்பிக்கிறவள்.
பையில் தொண்ணூற்றொன்பது வெள்ளை மாபிள், ஒரு சிவப்பு.
இருபத்திரண்டு வருஷம் அந்தப் பைக்குள்
யாரோ ஒருவரின் கையை விட்டிருக்கிறேன்.
கையெழுத்து வைத்தேன்.
அதற்குத் தோளைத் தூக்கத் தேவையில்லை.

அன்றிரவு கை என்னுடையதாக இல்லை.
கழுத்தில் ஏற்றிய மருந்து, காலையில் விடும் என்றார்கள்.
யாரோ கட்டிலில் மறந்துவிட்டுப் போன சாமான்போல் கிடந்தது.
இடக்கையால் எடுத்து வயிற்றில் வைத்தேன்.
சூடாக இருந்தது.
கடற்கரைப் பக்கம் கடைசி ரயில் போனது.
விறைப்பு மருந்தா, வெட்டா,
இரண்டும் ஒரே மாதிரித்தான் பேசாமல் இருக்கும்.

விரல்கள் ஒன்பது மணிக்கு வந்தன.
மணிக்கட்டு பத்தரைக்கு.
முழங்கை மத்தியானச் சோற்றோடு.
தோளின் வெளிப்பக்கம், உள்ளங்கையளவு ஓரிடம்
வரவில்லை.

கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார்.
"தெரியுதா?"
"தொட்டீங்களா?"
டொக்டர் கதிரையை இழுத்து இருந்தார்.
கோட்டைத் தாண்டவில்லை.
இழுபட்டிருக்கலாம், வீக்கத்தில் நசிந்திருக்கலாம்.
பெரும்பாலும் திரும்பும்.
அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லைத்
தேடி எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
மழுப்பவில்லை.
அதனால் எனக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

மாதாமாதம் கண்ணாடி முன் நின்று
ஊசி நுனியால் எல்லை தேடி, பேனையால் கீறி,
சதுரக் கோட்டுத் தாளில் ஒற்றி எண்ணுகிறேன்.
நூற்றிப் பன்னிரண்டு சதுரம்.
எண்பத்தேழு.
எண்பத்தெட்டு. அந்த மாதம்
பிரேமகாந்தனோடு சரியாகக் கதைக்கவில்லை.
இப்போது பதினேழு. ஐந்து ரூபாய்க் குற்றியளவு.

கை நெற்றிவரை போகிறது.
கரும்பலகையின் மேல் மூன்றிலொரு பங்கு வெறும்.
பிள்ளைகளும் கொப்பியில்
பக்கத்தின் நடுவிலிருந்தே தொடங்குகிறார்கள்,
நான் ஒன்றும் சொல்வதில்லை.

நேற்று நூற்றியொராம் நம்பர் பஸ்ஸில்,
பம்பலப்பிட்டிச் சந்தி தாண்ட,
கொண்டக்டர் சிங்களத்தில் கத்தினான்:
மூன்று தரம் தட்டிவிட்டேன், காது கேட்காதா?
இவ்வளவு பெரிய உடம்பில்
சரியாக அங்கேதான் தட்டியிருக்கிறான்.
காசைக் கொடுத்தேன். மிச்சம் தந்தான்.
எண்ணாமல் பைக்குள் போட்டேன்.