நீலம் வேண்டாம்

அதிகாலை மூன்றரை. துலூத்தில்
கூரைப்பனி வழுக்கி விழும் சத்தம்.
சுழல்மேடையில் கேக்,
முதல் பூச்சு இறுகி,
இன்னும் எதுவும் சொல்லாத முகத்தோடு.

ஆர்டர் சீட்டில் வெர்னா லிண்ட்க்விஸ்டின் கையெழுத்து:
ஓரினுக்குப் பணி ஓய்வு.
முப்பத்தொரு வருடம் இரும்புத்தாதுக் கப்பலில்.
மேலே ஏரி வேண்டும். நீலம் வேண்டாம்.
நீலத்துக்கு அடியில் இரண்டு கோடு.

முதலில் கரண்டியின் முதுகு.
அழுத்தி இழுத்தால் ஓர் அலை,
அழுத்தி இழுத்தால் இன்னொன்று,
வரிசையில் நிற்கும் நல்ல பிள்ளைகள்.
வழித்தேன்.

பல் வைத்த சீப்பைப் பிடித்து மேடையைச் சுற்றினேன்.
உழுத வயல். வட டகோட்டா.
அங்கே எந்தக் கப்பலும் போவதில்லை.

கசக்கிய காகிதத்தை ஒற்றி எடுத்தேன்.
சுவர்.
அதுவும் வாடகை வீட்டுச் சுவர்.

வெண்ணெய் திரண்டுதான் இருக்கிறது,
தாழியும் உடையவில்லை,
ஏரிதான் வரமாட்டேன் என்கிறது.

வழித்ததெல்லாம் கிண்ணத்துக்கு.
கிண்ணத்துக்கு ஞாபகம் கிடையாது;
நான் தோற்றது மூன்றையும்
ஒரே மழமழப்பாகத் திருப்பித் தருகிறது.

ஐந்து மணிக்கு டாரில் ரொட்டி அடுப்பை மூட்டினான்.
அறை சூடேறியது. கிரீம் தளர்ந்தது.
தளரவிடக் கூடாது என்பதுதான் முதல் பாடம்.
தட்டைக்கத்தி விட்டுப்போன இடத்தில் நிற்காமல்
அது தானாகக் கொஞ்சம் சரிய,
சரிந்ததன் மேலேயே நான் திரும்பவும் இழுக்க,
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி
குறுக்கே ஒரு மடிப்பு,
நுனியில் கிழிசல்,
எந்தப் பக்கம் போவதென்று
சண்டையிடும் தண்ணீர்.

கையை எடுத்துவிட்டேன்.
எடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா,
இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று
விரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பதினோரு மணிக்கு வெர்னா வந்து
பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.
கையுறையைக் கழற்றி,
தொடாமல், அரை அங்குலம் மேலே,
அந்தச் சாம்பல் மடிப்பின் வழியே
விரலைக் கொண்டுபோனாள்.
"வடகிழக்குக் காற்று," என்றாள்.
"இந்த மாதிரி நாளில் ஓரின் ஃபோன் பண்ணியதே இல்லை."

பிறகு,
"வாழ்த்துகள் எழுத இடமே இல்லையே."
"இல்லை," என்றேன்.
"நல்லது."

எண்பத்திரண்டு டாலர்.
கார் வரைக்கும் நானே தூக்கிப் போனேன்.
பின்சீட்டில் வைத்து
அவள் அதற்கு பெல்ட் போட்டாள்.

அடுத்த சீட்டு: மூன்று வயது. யூனிகார்ன்.
வழவழப்பாக இருக்கட்டும்.
கிண்ணத்தில் மிச்சமிருந்த சாம்பலில்
ரோஸ் நிறம் ஒரு சொட்டு விட்டேன்.
கலந்தேன்.
இன்னொரு சொட்டு.