நிழல் ஏறும்வரை

வலயக் கல்வி அலுவலகக் கடிதத்தில்
நீச்சல் பயிற்சி, சனிக்கிழமை,
முற்பகல் பத்து முதல் பன்னிரண்டு.
மின்விசிறிக்குக் கீழிருந்து தட்டச்சிட்டவருக்கு
பங்குனி மாதத்து வீரையடிக்குளம்
ஒரு பெயர் மட்டும்.

முதற் சனி
இருபத்தேழு பிள்ளைகளை இறக்கினேன்.
தண்ணீருக்குள் நின்றால் வெய்யில் தெரியாது,
அதுதான் அதன் கள்ளம்.
கழுத்துமட்டும் குளிர்
உச்சியில் அடுப்பு.
போதாதென்று அலையில் பட்டுத் திரும்பி
நாடிக்கு அடியிலும் சுடும்.

பதினொன்றரைக்கு மதுசிகன் சொன்னான்
"ரீச்சர், கரை ஆடுது."
மற்றவர்கள் சிரித்தார்கள்.
நானும் அரை நொடி சிரித்தேன்.
அவன் சத்தியெடுத்த பிறகுதான்
எனக்கும் கரை ஆடியது.

அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன்.
பெனியன் மறைத்த இடம் தவிர
தோள் முழுதும் தொட முடியாமல் கிடந்தான்.
கறுத்த தோல் சிவக்காது என்று
நிம்மதியாய் இருந்துவிட்டேன்.
சிவக்காது,
எரியும்.

நிறுத்தவும் ஏலாது.
போன மாரி, துருசடியில்
இரண்டு பிள்ளைகள்.
அவர்களின் மேசை இன்னும்
ஐந்தாம் வகுப்பில் பின்வரிசையில் இருக்கிறது.

தறப்பாள் கட்டச் சொன்னார்கள். கட்டினேன்.
தாய்மார் ஒருவரும் அதற்குள் வந்து இருக்கவில்லை.
தள்ளி, பற்றைக் கரையில் குந்தியிருந்தார்கள்.
தறப்பாளுக்குக் கீழே வெய்யில் எப்படியிருக்கும் என்று
அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.
அடுத்த கிழமை அவிழ்த்துவிட்டேன்.

ஜெயரூபி அக்கா பழைய
இல்ல விளையாட்டுப் போட்டிச் சேட்டுகளைப் பிரித்து
முழுக்கை வைத்துத் தைத்துத் தந்தா.
நீல இல்லத்து உடம்பு, மஞ்சள் இல்லத்துக் கை.
யார் எந்த இல்லம் என்று
குளத்துக்குள் பெரிய வழக்கு.

சுவிசிலிருந்து யாருடையவோ சித்தி
ஒரு போத்தல் கிறீம் அனுப்பினா.
மேலே ஐம்பது என்று போட்டிருந்தது.
ஐம்பது பேருக்குக் காணும் என்று
பிள்ளைகள் முடிவெடுத்தார்கள்.
இரண்டு சனியில் முடிந்தது.

"வெள்ளையாக்கிற கிறீமோ?" என்று கேட்டா
லக்சிகாவின் தாய்.
இல்லை என்றேன்.
"அப்ப வேண்டாம். கறுத்துப் போவாள்,
பிறகு ஆர் கேட்கிறது?"
குளத்தில் கறுத்த என் கைகளை
அவ பார்க்கவில்லை,
அல்லது பார்த்துத்தான் சொன்னா.
எனக்குப் பயம் நிறத்துக்கல்ல அக்கா,
என்று தொடங்கிய வசனம்
கேற்றடியில் நின்றுவிட்டது.
மூன்று கிழமை லக்சிகா வரவில்லை.

மூன்று கடிதம் எழுதினேன்.
பத்து மணிக்குத்தான் பஸ் இருக்கிறதாம்.
நாலாவது கடிதம் எழுதாமல்
மதுசிகனின் தகப்பனிடம் உழவு மெசினைக் கேட்டேன்.
பெட்டியில் வைக்கோல் ஒட்டியிருந்தது.
ஆறரைக்கு எல்லாரும் குளக்கட்டில்.

கட்டில் நிற்கும் ஏழு மருதுகளின் நிழல்
அந்நேரம் தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும்.
இடுப்பளவு ஆழம் வரை எங்களுக்குச் சொந்தம்.
அதற்குள்தான் மிதப்பு, அதற்குள்தான் உதைப்பு,
மூக்கில் தண்ணீர் போய் அழுவதும் அதற்குள்தான்.
மெல்ல மெல்ல நிழல் சுருங்க
நாங்களும் கரைக்கு ஒதுங்குவோம்.
விசில் எனக்குத் தேவைப்படவில்லை.

விடிய வெய்யில் பரவாயில்லை என்று
லக்சிகாவைத் தாய் திரும்ப விட்டா.
காரணம் பிழை. பிள்ளை வந்தாள்.
கண்பார்வை கூர் அவளுக்கு.
"ரீச்சர், நிழல் ஏறிட்டுது!"
அவள் கத்தினால் அவ்வளவுதான்,
அரைக் கை வீச்சில் நிற்கிறவனும்
முணுமுணுத்தபடி ஏறவேண்டும்.

போன சனி பத்தேகாலுக்கு
பரிசோதனைக்கு ஒரு ஜீப் வந்தது.
குளம் தட்டையாய், வெளிச்சமாய், வெறுமையாய்.
"பயிற்சி நடைபெறவில்லை" என்று
கோவைமேல் வைத்து எழுதத் தொடங்கினார்.
பாதி வசனத்தில் நெற்றியைத் துடைத்தார்,
குளத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்,
பிறகு பேனையைத் திறந்தபடியே
மருதுக்குக் கீழே,
எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.