மூணாறு தலைப்பு

பெட்டி, வாரியம் கழித்துப்போட்ட மீட்டர்ப் பெட்டி.
ஏலத்தில் நாற்பது ரூபாய்.
மதர்போர்டு, கூத்தாநல்லூர் ஜபருல்லா
சிங்கப்பூரிலிருந்து கைலிக்குள் சுருட்டி வந்தது.
முதல் மழைக்கே எறும்பு குடியேறியது.
பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி
இருநூற்று முப்பது வோல்ட்டைக் கட்டிப்பிடித்தபடி
காய்ந்திருந்தது.
துடைத்தேன். மறுபடி பூட்டினேன்.

உள்ளே மூன்று டிஸ்க்.
நீடாமங்கலத்துக்காரன் வேறென்ன பெயர் வைப்பான்?
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.
எது செத்தாலும் மற்ற இரண்டும்
கணக்குப் போட்டு அதைத் திருப்பித் தரும்.
ஆற்றுக்கு இந்த வித்தை தெரியாது.

ஒருநாள் போனில் சத்தமாகச் சொல்லிவிட்டேன்,
'பாமணியாறு ரொம்பிருச்சு, இனி ஒரு சொட்டு தாங்காது.'
பக்கத்து வீட்டு அஞ்சம்மாள்
ஆடுகளை ஓட்டிக்கொண்டு ரயிலடிக்கே போய்விட்டாள்.
அந்த ஆடுகள் இன்றும்
என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கின்றன.

அதில் என்னதான் வைத்திருக்கிறாய் என்பார்கள்.
மூடிப்போன ஸ்டுடியோவின்
எழுநூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்கள்.
கோர்ட்டில் முடிந்த ஒன்றை அழிக்கச் சொல்லி
மாப்பிள்ளை காசு நீட்டினான்.
வாங்கவில்லை. அழிக்கவுமில்லை.
பதினொரு வருடமாகத் தினம் ஒன்றாக
தலைப்பில் நீர்மட்டக் கல்லின் படம்.
கஜாவுக்கு மறுநாள் சாய்ந்து கிடந்த கம்பங்கள், எண் வாரியாக.
ஒரு டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம், நாற்பது நிமிடம்.
இதை யார் கேட்பார்?
நான் கேட்பேன்.

நான் ஒயர்மேன் என்று சொல்லவில்லையே.
ஊருக்குக் கரண்ட் போனால் வசவு எனக்கு.
எனக்குப் போனால் நான் யாரைத் திட்ட?

ஐப்பசியில் கோரையாறு செத்தது.
இரண்டு நாள் மரங்கொத்தி மாதிரி தட்டிக்கொண்டிருந்து
பிறகு சத்தமே இல்லை.
புதுசு மாட்டினேன். மீட்பு தொடங்கியது.
நொடிக்கு முப்பது எம்பி.
மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்ற சேதி மட்டும் வந்து
கடைமடையில் உட்கார்ந்திருப்பது போல
சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் இரவு, தொண்ணூற்றொன்று.
பதினொன்றே காலுக்குப் போன்.
பூவனூர்ப் பக்கம் பதினோராயிரம் வோல்ட் கம்பி அறுந்து
வயல் தண்ணீரில் கிடக்கிறது.
வடிய மடை வெட்டப் போன வீரையன் மகன்
வரப்பில் நிற்கிறான்,
அசையாமல். பேசுவதே அவன்தான்.

அந்த ஃபீடரில்தான் என் வீடும்.

யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும்.
பேட்டரி பழசு, பன்னிரண்டு என்று வை.
வண்டியை உதைத்தபடி செங்கமலத்திடம் சொன்னேன்:
காலண்டர் பின்பக்கம் எழுதியிருக்கேன்,
இங்கிலீஷ்ல ஒரு வரி,
அப்படியே அடி, கோட்டை விட்டுறாதே.
'படுத்த கோடா, நின்ன கோடா?'
படுத்தது. ரெண்டு.

சுவிட்ச் பிடியில் மழை வழிந்தது.
இழுத்தேன்.
ஊர் அணைந்தது.
வரப்பில் நின்றவன் பொத்தென்று உட்கார்ந்த சத்தம்
அரை மைல் தள்ளி எனக்குக் கேட்டிருக்க வழியில்லை.
கேட்டது.

கம்பியை இணைத்துச் சப்ளை விட்டபோது மூன்றரை.
வீட்டில் செங்கமலம்
கீபோர்டில் கை வைத்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்,
விட்டால் போய்விடும் என்பது போல.
தொண்ணூற்றொன்றிலிருந்தே பிடித்துக்கொண்டது.
விடிவதற்குள் கோரையாறு எழுந்தது.
ஒரே ஒரு கல்யாணம் மட்டும் திறக்கவில்லை.
எது என்று சொல்ல மாட்டேன்.

காலையில் டீக்கடையில் வீரையன்
பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
நன்றியெல்லாம் சொல்ல வராத ஆள்.
கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு
'வெண்ணாறு எப்படி?' என்றார்.
எந்த வெண்ணாறு என்று நான் கேட்கவில்லை.
'ஓடுது' என்றேன்.