குழாய் வியர்வை

முதுநகர் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
எனக்கு இரவு ஷிஃப்ட்.
அம்மோனியா ஏறி ஏறி
மூக்கு செத்து எட்டு வருஷம்.

பனிமலையில் ரோடு போடுகிற மச்சான் தெய்வசிகாமணி
ஐப்பசி லீவுக்கு வந்தபோது
பற்பசை டப்பாவுக்குள் ஈரத்துணி சுற்றி
ஒரு குச்சி கொண்டுவந்தான்.
விரல் நீளம்.
சீரகம் சீரகமாய் இலை.
நிமிர்ந்து வளராது, தரையோடு படுத்துக்கொள்ளும்,
காய்த்தால் நீலமாய்க் காய்க்கும் என்றான்.
பேர் கேட்டேன்.
"பேரா? நாங்க அதுமேல பூட்ஸ் போட்டு நடப்போம்."

வீட்டு மண்ணில் வைத்தேன், ஓரம் கருகியது.
எங்கள் போர் தண்ணீரில்
சோப்பே நுரைக்காது, அது எப்படிக் குடிக்கும்?
கேப்பர் மலைச் செம்மண் ஒரு பங்கு,
முந்திரித் தோப்பில் மக்கிய சருகு இரண்டு பங்கு.
சுண்ணாம்பு ஆகாது என்பதால்
கிளிஞ்சல் துணுக்கு ஒன்று கிடந்தாலும்
டார்ச் அடித்துப் பொறுக்கி எறிந்தேன்.
மேலே மூடாக்கு, தாழங்குடா சவுக்கின் ஊசி.
ஊசி விழும் சத்தம் மலையிலும் இப்படித்தானோ.

தண்ணீருக்கு வழி கம்பெனியிலேயே இருந்தது.
குளிர்க் குழாய்களில் பூக்கும் வெண்பனியைச் சுரண்டி
டீ கிளாஸில் உருகவிட்டால்
உப்பில்லை, சுண்ணாம்பில்லை,
காற்று வியர்த்த தண்ணீர்.
காலையில் அரை கிளாஸ், அவ்வளவுதான்.
தொட்டியறை வாசல் ஜன்னலில்
கிழக்கு வெயில் ஏழரை மணி வரை,
முதுகுப் பக்கம் ஐஸ் காற்று.
ஆறு மாசம் அது ஏமாந்தது.
இல்லை, ஏமாறுவதுபோல்
எனக்காக நடித்திருக்கலாம்.

சித்திரை பிறந்தது, மறுநாள் தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க
முதலாளி மெயின் சுவிட்சை இறக்கினார்.
அறுபத்தொரு நாள்.
குழாய்கள் வெறும் இரும்பாயின.
ஜன்னல் அதே ஜன்னல், வெயில் வேறு.

நாட்டுப்படகு மீன் எடுத்து விற்கிற அஞ்சலாட்சி
ஐஸ் கடன் பாக்கி நூற்றுப் பத்து ரூபாயோடு வந்தாள்.
தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"குடு, பொட்டியில வெக்கிறேன். பாக்கிய அடிச்சிரு."

பகலில் தண்ணீர்ப் பானைகளின் நிழல்,
இரவில் அவள் தெர்மாகோல் பெட்டி,
சங்கராவுக்கும் கானாங்கெளுத்திக்கும் நடுவே
ஓட்டை போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் அது.
கத்திரி முடிந்து எட்டிப் பார்த்தேன்.
எல்லாக் கிளையும் துடைப்பக் குச்சி.
வேரோரம் மட்டும் ஒரு துளிர்,
செதில் ஒன்று ஒட்டிய துளிர்.
நகத்தால் செதிலை எடுக்கப் போனேன்,
கை நடுங்கியதால் விட்டுவிட்டேன்.

மறுவருஷம் மாசியில் பூ,
உடைத்த பச்சரிசி அளவு, தலைகுனிந்து, நான்கு.
அந்த அறைக்கு எந்தத் தேனீ வரும்?
தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி
ஒன்றைத் தொட்டு ஒன்றைத் தொட்டேன்.
ஆபரேட்டர் பக்கிரி பார்த்துவிட்டு
ஒரு வாரம் என்னை "மாமா" என்று கூப்பிட்டான்.
மூன்று உதிர்ந்தன.
ஒன்று பச்சை மணியாய் நின்றது.

மறுபடி தடை, மறுபடி பெட்டி.
இந்த முறை யாரும் பாக்கி பேசவில்லை.

படகுகள் போன பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ
அது நீலம்.
பேனா மை நீலமில்லை, கடல் நீலமில்லை.
இன்னும் விடியாத நேரத்து நீலம்.

நான் கும்பிடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தபோது
ஐஸுக்கு வந்த அஞ்சலாட்சி
கிள்ளிக் கடித்துவிட்டாள்.
மீதிப் பாதியை என்னிடம் நீட்டி,
"த்தூ, தலைவலித் தைலம் மாதிரி இருக்குது.
இதுக்கா ரெண்டு வருஷம்?"

வாயில் போட்டுக்கொண்டேன்.
எட்டு வருஷத்துக்குப் பிறகு
மூக்கு எதையோ பிடித்தது,
தைலம், அதற்கு அடியில் கொஞ்சம் இனிப்பு,
அதற்கும் அடியில் கானாங்கெளுத்தி.

அவள் ஒரு இலையைக் கசக்கி
முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"இன்னொண்ணு பறிக்கவா?" என்றாள்.
எண்ணிப் பார்த்தேன்,
நாற்பத்தாறு இலை இருந்தது.