சுழியத்திலிருந்து ஆறு வரை

செந்தூலில், போட்டோஸ்டாட் கடைக்கு மேல்மாடி.
செவ்வாய் இரவு. எட்டு மடிக்கணினி, ஏழு நாற்காலி.
நான் ஜன்னல் திட்டில்.
பக்கத்தில் நவநீதன், கார் கழுவி ஊறிய விரல்களோடு.

உங்கள் ஐசி நம்பரையே சரமாக எடுத்துக்கொள்ளுங்கள்,
இடையில் வரும் கோடுகளையும் விடாமல்,
என்றது பயிற்சித்தாள்.
எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும்.
சுழியத்திலிருந்து ஆறு வரை வெட்டினால் பிறந்த நாள்.
ஆறு வரை என்றால் ஆறாம் இடம் சேராது;
அது வாசலிலேயே நிற்கும், செருப்பைக் கழற்றாமல்.
ஏழிலிருந்து ஒன்பது வரை பிறந்த மாநிலம்:
எட்டு பேராக், பத்து சிலாங்கூர், பதினான்கென்றால் இந்த ஊர்.
கடைசி இலக்கம் இரட்டைப்படையானால் பெண்.

வெட்டினேன். தொண்ணூற்றொன்று, ஏப்ரல், இருபத்துமூன்று.
தைப்பிங் ஆஸ்பத்திரியில் அம்மா பட்ட பாடு
ஒரு சைபரும் ஓர் எட்டுமாக வந்து விழுந்தது.
முழு எண் அங்கேயே இருந்தது, கீறல் படாமல்.
வெட்டுவதெல்லாம் நகலைத்தானாம்.

நவநீதன் திரையில் இரண்டு மேற்கோள் குறிகள்,
நடுவே ஒன்றுமில்லை.
"நம்பர் மறந்துபோச்சா?" கேட்டுவிட்டேன்.
"இருந்தாத்தானே அக்கா."

கேட்டதை வாய்க்குள் திரும்ப இழுக்கும் கட்டளை
எந்தப் பாடத்திலும் வரவில்லை.

அவன் ஓட்டிப் பார்த்தான்.
பிறந்த நாள்:
மாநிலம்:
திரை குறை சொல்லவில்லை. பாரம் நீட்டவில்லை,
அப்பாவின் திருமணப் பதிவு எங்கே என்று கேட்கவில்லை.
வெறுமையிலிருந்து ஆறு இலக்கம் கேட்டவனுக்கு
வெறுமையையே மரியாதையாக எடுத்துக் கொடுத்தது.
கடைசி வரியில்தான் சிவப்பாகக் கத்தியது:
எல்லைக்கு வெளியே.

அவன் சிரித்தான். "இந்தக் குரல் எனக்குத் தெரியும்.
பதிவிலாகா, மூணாவது மாடி, ஏழாம் நம்பர் கவுண்டர்."

தாளைப் புரட்டினேன். எழுத்தைக் கேட்டால் பிழை,
துண்டைக் கேட்டால் இல்லை.
மைனஸ் ஒன்றுக்குப் பின்னால்
ஒரு முக்காற்புள்ளி வைத்துக் கொடுத்தேன்.
பால்:
கத்தல் நின்றது.
பதில் வந்தது என்று சொல்ல முடியாது.

ஒன்பதே முக்காலுக்கு விளக்கணைக்க வந்தார்கள்.
அவன் எழவில்லை. மேற்கோளுக்குள்
இடைவெளிப் பட்டையை ஆறு முறை தட்டினான், ஒரு கோடு,
இரண்டு முறை, ஒரு கோடு,
நான்கு முறை.
நீளம் கேட்டான்.

பதினான்கு.

படியிறங்கும்போது சொன்னான்,
பொறந்தது நம்ம பெரியாஸ்பத்திரியிலதான் அக்கா,
இங்கேருந்து நடந்தே போயிடலாம்.