மூன்றாவது கம்பி கோணல்

க்ரெனோபிளில் இரவு பதினொன்றுக்கு மின்சாரம் மலியும்.
அப்போதுதான் பெரிய காந்தத்தைத் தட்டி எழுப்புவோம்.
ட்ராக் ஆற்றுத் தண்ணீர்
குழாய்களில் இரைந்தபடி உள்ளே போய்
வெந்நீராய் வெளியே வரும்.

பகலில் நான் கம்பி ஒட்டிய சில்லு உள்ளே இருக்கிறது.
சில்லு அரிசி அளவு.
அதில் வேலை நடக்கும் இடமோ
நுண்ணோக்கி இல்லையென்றால் இல்லவே இல்லை.
எட்டுத் தங்கக் கம்பிகள், தலைமுடியைவிட மெலிசு.
மூன்றாவதை ஒட்டும்போது தும்மல் வந்தது.
சொலேனிடம் சொல்லவில்லை.

புலம் ஏற ஏற
திரையில் கோடு படியேறியது.
பிறகு ஏறவில்லை.
இருபத்தைந்தாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு ஓம்,
புள்ளிக்குப் பின்னும் ஒரு எட்டு.
கத்தி வைத்துச் சீவிய மாதிரி தட்டை.

என் கோணலை அது கேட்கவே இல்லை.

அழுக்கு இருப்பதால்தான் தளம் இவ்வளவு அகலம் என்றாள் சொலேன்.
பாதி எலக்ட்ரான்கள் சின்னச் சின்ன மேடுகளைச்
சுற்றிச் சுற்றியே கிடக்கும்.
மற்றவை விளிம்போடு ஒதுங்கி
ஒரு கரையில் போகும், எதிர்க்கரையில் வரும்.
போவது வருவதைப் பார்ப்பதில்லை.
நெடுக அளந்தால் தடை பூஜ்யம்.

நானும் லோயிக்கும் நாலு மாதமாக அப்படித்தான்.
அவன் ஓட்டுவது முதல் டிராம்.
நான் வரும்போது படுக்கையில் அவன் சூடு மட்டும் இருக்கும்,
மேசையில் ஒரு சீட்டு: பால் இல்லை.
சண்டையே கிடையாது எங்களுக்குள்,
பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று மணிக்கு சொலேன் வாயில் மின்னழுத்தத்தைத் திருகினாள்.
வழி குறுகியது.
கரையும் கரையும் நெருங்க
போன எலக்ட்ரான் தாவி
வருகிறதோடு சேர்ந்து திரும்பிவிட்டது.
தளம் நொறுங்கிப் பல்லும் பள்ளமுமாய் ஒரு கோடு.

கெட்டுப்போச்சு, கம்பிதான், என்று வாயெடுத்தேன்.
அவள் நாற்காலியிலிருந்து துள்ளிக்கொண்டிருந்தாள்.
இதற்காகத்தான் இத்தனை சின்னதாகச் செய்தோம்!
அகலத்தில் எல்லாச் சில்லுக்கும் ஒரே எண்.
குறுகினால்தான்
இதற்கென்று ஒரு கிறுக்கல், ஒரு கையெழுத்து.
திரும்பத் திருகினாள்.
அதே கிறுக்கல், அச்சு அசலாய்.

நாலேகாலுக்கு ஹீலியம் தீர்ந்தது.
சீக்கிரம் வீடு.
எங்கள் மாடிப்படி குறுகல்;
ஒருவர் சுவரோடு ஒட்டினால்தான் மற்றவர் இறங்கலாம்.
மேலே விளக்கு எரிந்தது.
தொப்பியும் சாவிக்கொத்துமாக லோயிக்.

நான் ஒதுங்கவில்லை.